ஆறு தோள்களின் சுமை

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் பெரியப்பாவைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். ஊரார்க்கு அவர் 'அவில்தார்', எங்களுக்கோ பெரியப்பா. தந்தையை இளமையிலேயே இழந்த எங்களைத் தம் மக்களாக வளர்த்தவர் அவர். ஆதலால் இவ்வுரையில் பாசம் சற்று மிகுந்து தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

1941-ஆம் ஆண்டில், இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு மாடு மேய்த்துக்கொண்டிருந்த அவர், பெங்களூர் சென்று மதராஸ் சாப்பர் படையில் சேர்ந்தார். 1780-இல் தோன்றிய பழம்பெரும் படை அது. நம் மக்களுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு அவ்வாறே பழையது. கும்பினியார் காலத்தில் நம் முன்னோர் பலர் அதில் பணியாற்றினர். பின்னர், 'போர்க்குடி' என்றொரு பொய்க் கோட்பாட்டை வகுத்துக்கொண்டு வெள்ளையர் அவ்வாயிலை ஒடுக்கினர். போர் மூண்டு ஆள் தேவைப்பட்டபோதோ மீண்டும் அகலத் திறந்தனர்.

எனினும் ஓர் உண்மையை நாம் மறத்தல் ஆகாது. ஊர்ப்பள்ளியின் கதவு நமக்கு அடைபட்டிருந்த நாளில், பட்டாளப் பள்ளி எழுத்தறிவித்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் சுபேதார் இராம்ஜி அத்தகைய பள்ளியில் ஆசிரியராக விளங்கியவர். 1891-இல் அண்ணல் பிறந்ததும் மாவ் என்னும் படைவீரர் குடியிருப்பிலேதான். எங்கள் பெரியப்பாவும் பட்டாளத்தில்தான் உரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானியைக் கற்றார். உடனிருந்த தோழர்களிடம் தமிழைத் திருத்தமாக எழுதக் கற்றார். துப்பாக்கி பிடித்த கையைவிடப் பென்சில் பிடித்த கையே முதலில் நடுங்கிற்று என்று அவர் நகைத்துச் சொல்வதுண்டு.

இத்தாலி நாட்டுப் போர்முனைக்கு அவர் சென்றார். கண்ணிவெடிகளை அகற்றுதலும், பாதை அமைத்தலும், பாலம் கட்டுதலும் சாப்பர்களின் தொழில். அந்நாட்டில் மிக்னானோ என்னுமிடத்தில், 1944 பிப்ரவரி 24 அன்று, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தாமே விழுந்து பிறர் உயிரைக் காத்தார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பெற்றது. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா எழுந்து நிற்பார். நாங்களும் எழுந்து நிற்போம்.

பெய்லி பாலத்தைப் பற்றி அவர் சொல்லக் கேட்காத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. அதன் இரும்புச் சட்டம் ஒவ்வொன்றும் பத்தடி நீளம். எடை 570 பவுண்டு. ஆறு பேர் ஒருங்கே தூக்கினால் அன்றி அது அசையாது. "ஒருவன் தோளை விலக்கினால் மற்ற ஐவர் முதுகு ஒடியும். அங்கே யார் என்ன சாதி என்று எவன் கேட்டான்?" என்பார்.

ஆனால் ஊர் கேட்டது. போர் முடிந்து விடுப்பில் வந்தவரை, ஊர்த்தெருவின் தொடக்கத்திலேயே நிறுத்தி, காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். அவர் கழற்றவுமில்லை, சண்டையிடவுமில்லை. ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு மைல் நடந்து, காலணியோடு வீடு வந்து சேர்ந்தார். விடுப்பு முடியும்வரை அவ்வழியாகவே போய்வந்தார். தேநீர்க் கடையில் கொட்டாங்கச்சி நீட்டப்பட்டதால், அன்று முதல் வெளியில் தேநீர் அருந்துவதையே விட்டொழித்தார்.

இத்தகைய பெருமகனாரிடமும் ஒரு குறை இருந்தது. அதனை மறைத்துப் புகழ்ந்து பேசுதல் அவர் நினைவுக்குச் செய்யும் மரியாதையாகாது.

அவருடைய ஒரே மகள், எங்கள் அக்கா, வீட்டில் அவர் கடிதங்களைப் படித்துக் காட்டும் பிள்ளை. தெருவே கூடி நின்று கேட்கும். 1959-ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதனையும் அக்காவே உரக்கப் படித்தார்: "பாப்பா ஐந்து முடித்துவிட்டாள். பெண்பிள்ளைக்கு இது போதும். தம்பி பிள்ளைகளை விடாமல் பள்ளிக்கு அனுப்பவும்." தம் கல்விக்கு முடிவு கட்டிய வரியைத் தம் வாயாலேயே படித்து முடித்து, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் கழனிக்குச் சென்றார். நாங்கள் பள்ளிக்குச் சென்றோம். எங்கள் புத்தகப் பணத்தில் அக்காவின் நாற்று நடவுக் கூலியும் சேர்ந்திருந்தது என்பதை நாங்கள் வளர்ந்த பின்னரே உணர்ந்தோம்.

இச்சங்கம் தொடங்கிய ஆண்டில் பெரியப்பாவுக்கு வயது 77. முதற் கூட்டத்துக்குத் தடியூன்றி வந்து, ஒரு மாத ஓய்வூதியத்தை மேசைமேல் வைத்தார். "இது பெண்பிள்ளைகளின் புத்தகத்துக்கு மட்டும். வாழ்நாளெல்லாம் பாலம் கட்டினேன், என் மகளுக்குக் கட்டியதை மட்டும் பாதி ஆற்றில் நிறுத்திவிட்டேன்" என்றார். அவையிலிருந்த அக்கா ஒன்றும் கூறவில்லை. வீடு திரும்பியதும், நாற்பது ஆண்டுகளாகப் பெட்டியில் வைத்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைப் படித்துவிட்டு, நெடுநேரம் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். மன்னிப்பு என்னும் சொல்லை இருவருமே சொல்லவில்லை. மறுநாள் முதல், மாலைதோறும், அக்காவைப் பக்கத்தில் அமர்த்திச் செய்தித்தாளை அவர் வாயால் படிக்கக் கேட்பதை, கண்மூடும் நாள்வரை அவர் விடவில்லை.

அந்த அக்கா இன்று இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கடிதமும் அவரிடமே இருக்கிறது.

பெரியோர்களே! தாய்மார்களே! பெரியப்பாவின் படத்துக்கு மாலை அணிவிக்க விரும்புவதாகச் சிலர் எங்களிடம் கூறினர். நன்றி. ஆனால் நாங்கள் வேண்டுவது வேறொன்று. எட்டாம் வகுப்போடு, பத்தாம் வகுப்போடு, திருமணப் பேச்சையும் வறுமையையும் காட்டிப் படிப்பை நிறுத்த எண்ணும் பெண் ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால், அம்முடிவை எடுக்குமுன் சங்கத்துக்கு வந்து ஒரு சொல் சொல்லுங்கள். அச்சுமைக்குத் தோள் கொடுக்க இங்கே ஐவர் இருக்கிறோம். ஆறாவது தோளாக நீங்கள் வாருங்கள். பாதி ஆற்றில் நிற்கும் பாலம் இனி ஒன்றும் வேண்டா.

வாழ்க அவர் நினைவு! வளர்க நம் சங்கம்!