எந்தக் கல்லில் உரைத்தீர்கள்?



வானியல் அறிஞர்களே, தமிழில் அறிவியல் எழுதிவரும் நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! அண்மைக்கால வானியலைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது பற்றிய இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பைத் தந்தவர்களுக்கு நன்றி. தலைமை உரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது வழக்கம். அதற்குத்தான் அமர்வுகள் இருக்கின்றன. நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். அந்தக் கேள்வியும் என்னுடையதல்ல. ஒரு நகை ஆசாரியாருடையது.

2025 செப்டம்பர் 7, முழுச் சந்திர கிரகணம். ஊர்ப் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தேன். இரவு 11 மணிக்கு நிலா செம்புத் தட்டாகிவிட்டது. வரிசையில் நின்றவர்களுக்குப் பேச்சுக்கொடுத்தபடியே, "உங்கள் கழுத்தில் கிடக்கும் தங்கம், இரண்டு விண்மீன்கள் மோதியபோது பிறந்தது" என்று சொல்லிவைத்தேன். எந்தக் கூட்டத்திலும் எடுபடும் வரி அது. பேத்தியைக் கையில் பிடித்தபடி நின்ற பெரியவர் மட்டும் அசரவில்லை.

"ஐயா, நாப்பது வருஷமாத் தங்க வேலை செய்யறேன். கல்லுல உரைச்சுப் பார்க்காம இது தங்கம்னு நான் சொன்னதில்ல. நீங்க எந்தக் கல்லுல உரைச்சீங்க?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மனம் ஒப்பவில்லை. ஒரு வாரம் கழித்து அவருடைய பட்டறைக்கே போனேன். அவர் உரைகல்லை எடுத்தார். ஒரு பழைய மோதிரத்தை அதில் ஒரு இழுப்பு இழுத்தார். அதன் பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த உரையாணியை ஒரு இழுப்பு. இரண்டு கோட்டின் மீதும் ஒரு சொட்டுத் திராவகம். "இதுக்குப் பக்கத்துல அது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் வாயத் திறப்பேன்" என்றார். நான் என் பங்குக்கு 2017 ஆகஸ்ட் 17ஆம் தேதிக் கதையைச் சொன்னேன்.

அன்று நம் நேரப்படி மாலை 6.11. அமெரிக்காவில், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட இரண்டு லைகோ கருவிகளில், ஏறத்தாழ 100 நொடிகள் ஓர் ஈர்ப்பு அலை பதிவானது. 1.7 நொடி கழித்து, ஃபெர்மி விண்கலம் காமா கதிர் வெடிப்பு ஒன்றைக் கண்டது. இத்தாலியிலுள்ள விர்கோ கருவியில் அந்த அலை ஏறக்குறையத் தெரியவே இல்லை. அதுவும் ஒரு துப்புத்தான்: விர்கோவின் காது மந்தமாக இருக்கும் திசையிலிருந்து அலை வந்திருக்க வேண்டும். அப்படித் தேட வேண்டிய வானம் சுருங்கியது. சுமார் 11 மணி நேரத்தில், சிலியின் லாஸ் காம்பனாஸ் மலையிலிருந்த வெறும் 1 மீட்டர் தொலைநோக்கி, என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் முந்தைய நாள்வரை இல்லாத ஓர் ஒளிப்புள்ளியைப் பிடித்தது. தூரம் சுமார் 13 கோடி ஒளியாண்டுகள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, கடைசியில் மோதிய இடம் அது.

இதில் தங்கம் எங்கே வந்தது? முதலில் நீலமாக இருந்த அந்த ஒளி சில நாள்களில் சிவந்து மங்கியது. மோதலில் சிதறிய நியூட்ரான்கள் அணுக்கருக்களில் மளமளவென்று ஏறிக் கனமான தனிமங்களை உண்டாக்கினால், அவை நீல ஒளியை விழுங்கிவிடும் என்று கோட்பாடு முன்பே கணித்திருந்தது. 2019இல் அதே நிறமாலையை மறுபடி ஆராய்ந்தபோது ஸ்ட்ரான்ஷியத்தின் அடையாளம் தெரிந்தது. ஆய்வகத்தில் அறிந்த தனிமத்தின் நிறமாலையைப் பக்கத்தில் வைத்துத்தான் விண்வெளி ஒளியைப் படிக்கிறோம். அதுவே எங்கள் உரையாணி. 2023 மார்ச்சில் நிகழ்ந்த இன்னொரு காமா கதிர் வெடிப்பின் மிச்ச ஒளியில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி டெல்லூரியத்தின் தடயத்தைக் கண்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆசாரியார் ஒன்று கேட்டார்: "அப்ப தங்கத்தோட கோடு மட்டும் இன்னும் கல்லுல விழல?"

விழவில்லை. உடன்பிறந்த தனிமங்களைக் கண்டதால் தங்கமும் அங்கே உண்டாகியிருக்கும் என்று வலுவாகக் கருதுகிறோம். தங்கத்தைத் தனியாக இனம்காணவில்லை. கதை அதோடு முடியவும் இல்லை. காந்த விண்மீன் ஒன்று 2004 டிசம்பரில் பொங்கி எழுந்தது. அதன் பழைய பதிவுகளை மறுபடி புரட்டியவர்கள், அத்தகைய பொங்கல்களிலும் கனமான தனிமங்கள் உண்டாவதாக 2025இல் அறிவித்தார்கள். நான் படித்த காலத்தில், பெருவிண்மீன் வெடித்துத் தங்கம் பிறந்தது என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். மைதானத்தில் நான் சொன்ன வரி பொய்யல்ல. ஆனால் உரைக்காத தங்கத்தை உரைத்ததுபோல் விற்றிருக்கிறேன்.

நண்பர்களே, இரண்டு கல்லில் உரைத்து இரண்டு மாற்றுக் கிடைப்பதும் உண்டு. பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது? பெருவெடிப்பின் எச்ச ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் கணக்கில், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் நொடிக்கு 67 கிலோமீட்டர். துடிக்கும் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் அளவுகோலாக்கிய குழுவின் கணக்கில் 73. இரு தரப்பும் சொல்லும் பிழை வரம்புகளைச் சேர்த்தாலும் இடைவெளி அடைபடவில்லை. 2017 மோதலும் ஒரு மூன்றாவது கல்லைத் தந்தது. அதில் கிடைத்தது 70. ஆனால் மேலே 12, கீழே 8 என்று பிழை வரம்பு. அந்தக் கல் இன்னும் சொரசொரப்புத்தான். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா சேர்ந்தால், இத்தகைய மோதல்களின் இடத்தை இன்னும் துல்லியமாகக் குறிக்கலாம். "விஞ்ஞானிகள் குழப்பம்" என்று தலைப்பிடும் பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது குழப்பமல்ல, உரைத்துக்கொண்டிருக்கும் நேரம்.

பெரிய பெயரும் உரைகல் ஆகாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் 19 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். 1935இல் லண்டனில், அன்றைய வானியலின் பெரும்புள்ளி எடிங்டன் அதை அவையில் எள்ளினார். கணக்கு நின்றது, 1983இல் நோபல் பரிசு வந்தது.

நம் வேலைக்கு முன்னோடியும் இருக்கிறார். மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கும் சிறுநூலை இந்திய மொழிகளில் வெளியிட்டார். ஒளிரும் படங்கள் இல்லாத காலம் அது. விளக்கமே அவர் கையிருப்பு. இன்று நம்மிடம் படங்கள் குவிந்து கிடக்கின்றன, விளக்கம் குறைந்துபோனது.

எனவே கட்டுரை வாசிப்போரிடம் நான் கேட்பது மூன்று. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு செய்தியிலும் எதை அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு தவறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றும் தமிழில் சொல்ல முடிந்தவைதான்; ஒரு பட்டறைத் திண்ணையில் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்போர் பகுதியில் இருப்பவர்களே, மூன்றில் ஒன்று விடுபட்டாலும் கையைத் தூக்குங்கள். தலைவர் என்ற முறையில் உங்களுக்கு நேரம் ஒதுக்குவேன்.

நான் விடைபெற்றபோது ஆசாரியார் சொன்னது, "கோடு விழுந்தா வந்து சொல்லுங்க." சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.