கியர் மாற்றும் தருணம்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. தலைமுறைகளுக்கு முன் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலர், இன்று பிழைப்பை நாடி ரயிலிலும் சாலையிலும் நாள்தோறும் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். அவர்களைப் போலப் பிற மாநிலங்களில் வாழ்ந்து, சொந்த ஊருக்குக் காரோட்டி வரும் நாமும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கியரை எப்போது மாற்றினால் வேகம் விரைந்து கூடும் என்பதே அது.

எஞ்சின் இரைந்தவுடன் மாற்றவேண்டும் என்பார் ஒரு சாரார். குதிரைத்திறன் உச்சத்தைத் தொட்டவுடன் மாற்றவேண்டும் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் முழு விடை ஆகா. எஞ்சினில் பிறக்கும் முறுக்குவிசையைக் கியர் பெருக்கிச் சக்கரத்துக்கு அளிக்கிறது. தாழ்ந்த கியர் மிகுதியாகப் பெருக்கும். உயர்ந்த கியர் குறைவாகவே பெருக்கும்.

ஒரு காரில் இரண்டாம் கியர் 1.9 மடங்கும் மூன்றாம் கியர் 1.3 மடங்கும் பெருக்குவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுற்றில், முறுக்குவிசை தன் உச்சமான 110 அலகிலிருந்து 90 அலகாகக் குறைந்துவிட்டது என்போம். அப்போதும் இரண்டாம் கியர் தருவது 171 அலகு. மூன்றாம் கியருக்கு மாற்றினால் சுற்று ஏறத்தாழ 4,100 ஆக இறங்கும். முறுக்குவிசை மீண்டும் 110 ஆகும். ஆயினும் கிடைப்பது 143 அலகுதான். எஞ்சின் தளர்ந்த நிலையிலும் தாழ்ந்த கியரே வலிதாகத் தள்ளுகிறது.

ஆகவே, அடுத்த கியரின் தள்ளுவிசை இப்போதைய கியருக்கு நிகராகும் இடமே மாற்றவேண்டிய இடம். பெட்ரோல் கார்கள் பலவற்றில், தாழ்ந்த கியர்களில் அந்த இடம் சுற்றுமானியின் சிவப்புக் கோட்டுக்கு முன் வருவதே இல்லை. எனவே கோட்டை நெருங்கும்போது மாற்றுவதே முறை. டீசல் எஞ்சினின் விசை விரைவில் தளர்வதால், அதில் முன்னதாகவே மாற்றவேண்டும்.

இக்கணக்கு பந்தய வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. இருவழிச் சாலையில் ஒரு லாரியை முந்தும்போது இது உயிரைக் காக்கும் கணக்காகிவிடுகிறது. ஐந்தாம் கியரில் மெல்ல ஊர்ந்துகொண்டே எதிர்த்தடத்தில் நுழைவது ஆபத்து. பாதி வழியில் கியரைத் தேடுவதும் அப்படியே. கிளட்சை அழுத்திய கணத்தில் தள்ளுவிசை அற்றுப்போகிறது. நுழைவதற்கு முன்பே வேகத்துக்கு ஏற்ற தாழ்ந்த கியருக்கு இறங்கி, முந்தி முடித்துத் தன் தடத்துக்குத் திரும்பும்வரை போதுமான சுற்று மிச்சமிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கவயல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் விசையும் அவ்வளவு குறையும். எல்லாக் கியர்களிலும் ஒரே விகிதத்தில் குறைவதால், மாற்றும் இடம் மாறுவதில்லை. ஆனால் முந்துவதற்கு வேண்டிய தூரம் நீள்கிறது. சமவெளியில் போதுமென்று கண்ட இடைவெளி மேட்டுநிலத்தில் போதாமற் போகலாம்.

அன்றாட ஓட்டத்திலோ முன்னதாகவே கியரை உயர்த்துவது எண்ணெயை மிச்சப்படுத்தும். முழு விசையும் வேண்டிய தருணங்கள் சிலவே. அச்சிலவற்றிலும், எதிரே வரும் வண்டியின் தொலைவில் ஐயம் எழுந்தால், எந்தக் கியரையும் நம்பாமல் லாரியின் பின்னால் பொறுத்திருப்பதே அறிவுடைமை.