சோம்பல் அன்று; நோய்!

(கண்டியில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



காய்ச்சல் கண்டவனை நாம் ஏசுவதில்லை. கால் முறிந்தவனை எழுந்து நடவென்று விரட்டுவதில்லை. ஆனால், மனச்சோர்வு நோயால் பீடிக்கப்பட்ட பெண்ணொருத்தி, கொழுந்துக் கூடையைத் தூக்க வலுவின்றி லயத்திலே படுத்துக் கிடந்தால், அவளுக்கு நாம் சூட்டும் பெயர் என்ன? சோம்பேறி! கங்காணி மட்டுமல்லர், கட்டிய கணவனே அவ்வாறுதான் கூறுகிறான்.

துயரம் வேறு, நோய் வேறு. இழவு வீட்டில் அழுவது நோயன்று. கடனை நினைத்து ஓரிரவு உறக்கம் கெடுவதும் நோயன்று. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாள்தோறும், பொழுதின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடந்தால், அல்லது முன்பு மகிழ்வு தந்தவற்றில் நாட்டம் அற்றுப்போனால், அப்போதுதான் ஐயம் எழவேண்டும். அவற்றோடு உறக்கமும் பசியும் மாறுபடும். உடல் ஓயாமல் களைக்கும். கருத்து ஒன்றில் நிலைக்காது. பேச்சும் நடையும் தளரும். 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் வாட்டும். சாவின் நினைவு மீண்டும் மீண்டும் வரும். இவ்வாறான குறிகளுள் ஐந்தேனும் கூடி வாழ்க்கையைக் குலைத்தால், அதனை மருத்துவர் நோயென்பர்.

தோழர்களே! இரத்தச்சோகையும் தைராய்டுக் குறைபாடும் இத்தகைய சோர்வைத் தரும். அவற்றை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். மனச்சோர்வு நோயைக் காட்டும் பரிசோதனையோ இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே மருத்துவருக்குப் பெருஞ்சான்று!

அச்சொல்லின் பொருளை அறிவதும் எளிதன்று. பேராதனையில் கற்பித்த மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர, 1985ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில் இதனை ஆராய்ந்தார். வாழ்வு துன்பமயமானது என்று பௌத்தர் ஒருவர் கூறினால், அது அவருடைய சமயத் தெளிவாக இருக்கலாம். நோயென்று முடிவுகட்டலாகாது என்பது அவர் வாதம். நம் தாய்மாரோ உள்ளத்து நோயையும் 'நெஞ்சு அடைக்குது', 'உடம்பெல்லாம் அசதி' என்றே உரைப்பர். உடலைச் சோதித்துக் குறையொன்றும் காணாதபோது, 'மனம் எப்படி இருக்கிறது?' என்று அவர்தம் மொழியிலே வினவ ஒருவர் வேண்டாமா?

தமிழ் 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் ஆட்சிமொழியாயிற்று. அந்த உரிமை, பெயர்ப்பலகையோடு நின்றுவிடலாகாது. மருத்துவரின் மேசைவரை செல்லவேண்டும். தமிழறிந்த மருத்துவரையும் தாதியரையும் கேட்பது சலுகையன்று, சிகிச்சையின் முதற்படி!

நம் கடமையும் உண்டு. சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்று அஞ்சாதீர், அன்போடு கேளுங்கள். பூச்சிமருந்தை வீட்டில் வையாதீர். கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டதால், 1995ஆம் ஆண்டு உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் பிற்காலத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே, இச்சாவுகள் விதியல்ல, தடுக்கக்கூடியவை! தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமுமன்று, ஆகவே, மறைக்கவேண்டியதில்லை.

கண்டியிலும் பேராதனையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உண்டு. மனநோய்க்கும் அங்கே கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. 1926 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும், இடையிலே நிறுத்தாதீர். படுத்துக் கிடப்பவளை ஏசும் நாவை அடக்குங்கள். அவள் கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்!