கூட நிற்கும் கரங்களே!

பட்டிமன்றத் தலைப்பு: பேரிடரில் வீடிழந்தவரை நிமிர்த்துவது பெரிதும் கொடுக்கும் பணமே! கூட நிற்கும் கரங்களே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘பணமே’ என்று பேச வந்துவிட்டு, பணம் வாங்காமல் பேசிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பிரமாதமாப் பேசினாங்க. “வீடு போச்சுன்னா கண்ணீரைக் குழைச்சா சுவர் எழுப்புவீங்க? செங்கல்லுக்குக் காசு வேணாமா?”ன்னு கேட்டாங்க. வேணும் தாயே! நான் மறுக்கவே இல்லை. சிமெண்டுக் கடைக்காரர்கிட்ட போய், “ஐயா, நான் அன்போட வந்திருக்கேன், நாலு மூட்டை கொடுங்க”ன்னு கேட்டா, அவரும் அன்போட, “அடுத்த கடையில கேளுங்க”ன்னுதான் சொல்வார். (சிரிப்பு)

ஆனால் தலைப்பைக் கொஞ்சம் கவனிக்கணும் நடுவர் அவர்களே. ‘வீட்டை நிமிர்த்துவது எது?’ என்று கேட்கவில்லை. ‘வீடிழந்தவரை நிமிர்த்துவது எது?’ என்று கேட்டிருக்கிறார்கள். சுவர் நிமிர்வது வேறு. மனிதன் நிமிர்வது வேறு. சுவரைப் பணம் நிமிர்த்தும். மனிதனை நிமிர்த்த இன்னொரு மனிதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். (கைதட்டல்)

வள்ளுவப் பெருந்தகை நட்புக்கு ஓர் உவமை சொன்னார். நாலு பேர் நடுவே இடுப்புத் துணி நழுவுகிறது. உடனே ஓடி வந்து பிடிப்பது எது? கை. யாரையும் கேட்டுக்கொண்டா போகிறது? கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டா போகிறது? துன்பம் வந்தவனுக்கு நண்பன் அப்படி வரவேண்டும் என்றார். வேட்டி நழுவும்போது ஓடி வந்தது கையா, சட்டைப் பையா? எதிரணியினர் யோசித்துச் சொல்லட்டும். (சிரிப்பு, கைதட்டல்)

இனி என் கதைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் சுமத்ராத் தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி பிளந்தது. மூன்று மணி நேரத்துக்குள் நம் கரைக்கு அலை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். அதில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். வேளாங்கண்ணிக்குத் திருநாள் கொண்டாட வந்தவர்கள் மணலோடு போனார்கள். குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, முட்டம் என்று கடற்கரை ஊர்கள் எல்லாம் ஒப்பாரி.

அப்போது நான் புதுசா டாக்டர் பட்டம் வாங்கியிருந்த நேரம். கல்லூரியில் பழைய துணி சேர்த்தோம். பதினாலு மூட்டை! ஒரு வேனில் ஏற்றி, மாணவர்கள் நாலு பேரோடு, நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தில் நடந்த முகாமுக்குப் போனேன். மனசுக்குள்ளே ஒரு பெருமை. பாரி வள்ளல் தேர் கொடுத்தான், நான் மூட்டை கொடுக்கிறேன் என்று! (சிரிப்பு)

போய்ப் பார்த்தால், அந்தத் தேவாலயத்தில் பெஞ்சுகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். உள்ளே தரை முழுக்கப் பாய். குடும்பம் குடும்பமாக ஜனங்கள். ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் குடில் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. குடிலில் இருப்பது யார்? சத்திரத்தில் இடம் கிடைக்காமல் மாட்டுத் தொழுவத்தில் ஒதுங்கிய ஒரு தாயும் தகப்பனும் குழந்தையும். அந்தக் குடிலுக்கு ஓரத்திலேயே வீடு போன ஒரு தாய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எது பொம்மை, எது உண்மை என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை.

என் மூட்டையைப் பிரித்தார்கள். முதல் மூட்டையில் மேலே என்ன வந்தது தெரியுமா? என்னுடைய பழைய கோட்டு! நேர்முகத் தேர்வுக்குப் போட்டுப் போட்டு, முழங்கையில் கிழிந்த கோட்டு. ஐயா, கடலில் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்த மனுஷனுக்கு, குமரி மாவட்டத்து வெயிலில், நான் கோட்டுக் கொடுத்திருக்கிறேன்! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வேண்டாததை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குத் தர்மம் என்று பேர் வைத்தேன். அந்த நாட்களில் கடற்கரைச் சாலை ஓரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. எடுப்பார் இல்லை. எல்லாம் என்னைப் போன்ற வள்ளல்கள் போட்டது.

முகாமைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருத்தர் வந்தார். திட்டவில்லை. “சார், துணி போதும். ரெண்டு கை வேணும். தேங்காய் துருவத் தெரியுமா?” என்று கேட்டார். என் நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. நீ எந்தக் கோயில், எந்த ஜாதி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காய் துருவத் தெரியுமா என்றுதான் கேட்டார். (கைதட்டல்) தெரியும் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பட்டம் வாங்கினவன் தெரியாது என்று சொல்லலாமா? (சிரிப்பு)

அந்தச் சமையல் கூடத்தில் யார் யார் தெரியுமா? உள்நாட்டு ஊர்களில் முந்திரி ஆலைகளில் வேலை பார்க்கிற பெண்கள். பகலெல்லாம் ஆலை வேலை. சாயங்காலம் நேரே தேவாலயத்துக்கு. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுப்பு. தேய்த்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் அவர்கள் போட்டது அஞ்சோ பத்தோ. அந்தக் கறுத்த கைகள் ராத்திரி ராத்திரியாகப் போட்டதற்குக் கணக்கு எழுத எந்த ரசீதுப் புத்தகமும் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்கரைக்காரரும் உள்நாட்டுக்காரரும் அதுவரைக்கும் பெரும்பாலும் மீன் சந்தையில் பேரம் பேசும்போதுதான் முகம் பார்த்துக்கொண்டவர்கள். அன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்தார்கள்.

அங்கே ஒரு பாட்டி. ரெண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அலை அடித்ததில் பிடித்த கை வழுக்கிவிட்டது. அதிலிருந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நிவாரணப் பணம் வந்தது; வாங்கி மடியில்கூட வைக்கவில்லை. சோறு வந்தது, தொடவில்லை. “சாப்பிடுங்க, சாப்பிடுங்க”ன்னு எல்லாரும் சொன்னோம். நானும் தமிழ் இலக்கியத்தில் இருந்தெல்லாம் எடுத்துச் சொன்னேன். கேட்பாரா?

முந்திரி ஆலைப் பெண் ஒருத்தி, கரண்டியோடு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “பாட்டி, இத்தனை பேருக்கு நான் பொங்கினதே இல்ல. உப்பு சரியான்னு தெரியல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்” என்று, எந்தக் கையைப் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தாரோ, அந்த உள்ளங்கையில் ஒரு சொட்டுச் சாம்பாரை ஊற்றினாள்.

பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கையை மெள்ள வாய்க்குக் கொண்டுபோனார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “உப்பு பத்தாது மக்களே.”

நடுவர் அவர்களே! ‘நிமிர்ந்து’ என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் இந்தப் பட்டிமன்றம்! (நீண்ட கைதட்டல்)

மறுநாள் காலையில் அந்தப் பாட்டி அடுப்படியில் இருக்கிறார். வெங்காயம் உரிக்கிறார். என்னைப் பார்த்து, “ஓட்டையும் சேத்துத் துருவாதே மக்களே” என்று திட்டுகிறார். (சிரிப்பு) அந்தத் திட்டைவிடப் பெரிய பட்டம் எனக்குக் கிடைத்ததில்லை. சாப்பிடு என்று கொடுத்தபோது அவர் வாங்குகிறவர். உப்புப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர் கொடுக்கிறவர். வாங்குகிறவரைக் கொடுக்கிறவராக மாற்றத் தெரிந்தது எது? ரூபாய் நோட்டா? அந்தக் கறுத்த கையா?

எதிரணித் தலைவர் கேட்பார்: “தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு எதுக்கு ஐயா சுற்றி வருது? அது பணம்தானே?” நியாயமான கேள்வி. விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் என்று ஒரு நூல். அதில் பதினோராம் அதிகாரம். ரோமாபுரியை கிலவுதியு மன்னன் ஆண்ட காலம், கி.பி. 41 முதல் 54 வரை. பெரும் பஞ்சம் வரப்போகிறது என்று அந்தியோகியா நகரத்து அடியார்களுக்குத் தெரிகிறது. யூதேயாவில் இருக்கிற சகோதரர்களுக்காக அவரவர் சக்திக்குத் தக்கபடி பணம் சேர்க்கிறார்கள். சேர்த்து என்ன செய்தார்கள்? யாரோ போகிற வணிகனிடம் கொடுத்தா அனுப்பினார்கள்? பர்னபா, சவுல் என்று தங்களுடைய மிகச் சிறந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பணம் போனது, அதோடு ஆளும் போனான்! ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் முதன்முதலில் வழங்கியதும் அந்த அந்தியோகியாவில்தான். அதைச் சொல்வதும் அதே அதிகாரம்தான். பெயர் கிடைத்த ஊரிலேயே இந்த வழக்கமும் இருந்தது. (கைதட்டல்)

அந்நிய தேசம் வேண்டாம். நம் மாயவரத்துக்கு வாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கிறிஸ்தவர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1879-இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தந்தவர். தம் சொத்தை அள்ளிக் கொடுத்தார். “பாருங்கள், பணம்தான்!” என்று எதிரணி துள்ளுகிறது. பொறுங்கள்! கொடுத்தனுப்பிவிட்டுத் திண்ணையில் சாய்ந்தாரா? கஞ்சித் தொட்டி திறந்து, பசித்தவன் முன்னால் போய் நின்றார். அதனால்தான் நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார், இந்தக் கிறிஸ்தவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பணத்தைப் பாடவில்லை ஐயா, மனிதரைப் பாடினார்!

இது ஒரு சமயத்துக்கு மட்டும் சொந்தமா? இல்லை. சுனாமியில் நாகூர் தர்கா, எல்லாச் சமயத்துச் சடலங்களையும் அடக்கம் செய்யத் தன் நிலத்தைக் கொடுத்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கரையோர மக்களுக்கு உடனே சோறு பொங்கிக் கொண்டுபோனார்கள். கை எல்லாச் சமயத்துக்கும் ரெண்டுதானே! (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. அந்தப் பாட்டி வாங்குகிறவரில் இருந்து கொடுக்கிறவராக ஆனார் என்றேன். ஒரு கடற்கரையே அப்படி ஆனதைச் சொல்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். குமரியிலும் திருவனந்தபுரத்திலும் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. பூந்துறை, விழிஞம் தேவாலயங்களின் முன்னால் பெண்கள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஒன்பது மாசம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. பங்குத் தந்தையர் செய்தி சொன்னார்கள். எந்தக் கடற்கரை அழுததோ, அந்தக் கடற்கரை எழுந்தது. படகுகளை லாரியில் ஏற்றினார்கள். கடலில் ஓடுகிற படகு, செங்கன்னூர்த் தெருவில் ஓடியது.

ஏறத்தாழ 4,500 மீனவர்கள், 669 படகுகள், காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேர் என்று கேரள அரசே கணக்குச் சொன்னது. அதில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. படகில் ஏற முடியாத பெண்களுக்காகத் தண்ணீருக்குள் குனிந்து, தன் முதுகையே படியாக்கிய மீனவர் ஓர் இஸ்லாமியர். டீசலுக்குப் பணம் வேண்டும், லாரிக்கு வாடகை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீசல் தானாக நீந்தாது அம்மா! (சிரிப்பு, கைதட்டல்) படகுக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. “உயிரைக் காப்பாத்தினதுக்குக் கூலி வேண்டாம்” என்று சொன்ன மீனவர்கள் இருந்தார்கள். அவர்கள் என்ன கோடீஸ்வரர்களா? அன்றாடம் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். பணம் வாங்கியிருந்தாலும் தப்பில்லை. ஆனால், நேற்றுக் கையேந்தி நின்றவன், இன்றைக்கு ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்கிறான் பாருங்கள், அவன்தான் நிமிர்ந்த மனிதன்!

ஆகவே, பணம் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். நல்ல துணி கொடுங்கள். தயவு செய்து கோட்டுக் கொடுக்காதீர்கள். (சிரிப்பு) கொடுத்த பிறகு, கூடவே ஒரு நாள் போய் உட்காருங்கள். உப்புச் சரியா என்று கேளுங்கள். வீடு கட்டி முடிக்கப் பணத்துக்கு வருஷக்கணக்காகும். மனிதனை நிமிர்த்த, உள்ளங்கையில் ஊற்றிய ஒரு சொட்டுச் சாம்பார் போதும் என்று அந்தக் கறுத்த விரல் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பேரிடரில் வீடிழந்தவரை நிமிர்த்துவது கூட நிற்கும் கரங்களே! கரங்களே! என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கைகூப்பிக் கேட்டு, ஆமாம், அதற்கும் கைதான் வேண்டியிருக்கிறது, (சிரிப்பு) விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)