காலணிக்குப் போட்ட பான்கேக்



பாலே ஆடும் பெண்ணைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். விரல்நுனியில் நிற்பாள். இளஞ்சிவப்புக் காலுறை, இளஞ்சிவப்புக் காலணி. ஏன் அந்த நிறம்? வெள்ளைத் தோலோடு அது ஒட்டிப்போகும். இடுப்பிலிருந்து விரல் வரை கால் ஒரே கோடாகத் தெரியும். பாலேயில் அந்தக் கோடுதான் அழகு. அதையே கறுப்பினப் பெண்ணுக்கு மாட்டினால் மேலுடம்பு ஒரு நிறம், கால் வேறு நிறம். கோளாறு துணியில் இருக்க, பழி அவள் உடம்புக்கு வந்தது.

கறுப்பின நடனமணிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? முகத்துக்குப் பூசும் பவுண்டேஷனை எடுத்துக் காலணிக்குப் பூசினார்கள். அதற்குப் பெயரே பான்கேக் போடுவது. தொழில்முறையில் ஆடுகிறவர் ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடியைத் தேய்த்துவிடுவதும் உண்டு. புது ஜோடி வந்தால் மறுபடியும் பூச்சு.

கறுப்பின நடனக் கலைஞர் ஆர்தர் மிட்செல் 1969இல் நியூயார்க்கில் தொடங்கிய ஹார்லெம் நடனக் குழு, எழுபதுகளிலேயே காலுறை, காலணி இரண்டுக்கும் அவரவர் தோல் நிறத்தில் சாயமேற்றி ஆடிக் காட்டியது. லண்டனில் 1929 முதல் பாலே காலணி செய்துவரும் ஃப்ரீட் கம்பெனி, கறுப்பின, ஆசியக் கலைஞர்கள் ஆடும் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்புக் காலணியைக் கொண்டுவந்தது 2018இல். கண்ணால் பார்த்த பிறகும் இத்தனை வருஷம்!

காலணிக்கே இந்தப் பாடு என்றால் முகத்துக்கு? அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஜேனட் காலின்ஸ் பதின்வயதில் ஒரு ரஷ்ய பாலே குழுவின் தேர்வுக்குப் போனார். சேர்த்துக்கொள்கிறோம், மேடையில் முகத்தை வெள்ளையாக்கிக்கொள் என்றார்கள். மாட்டேன் என்று வந்துவிட்டார். 1951இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்மை நடனமணியாக மேடையேறினார். பழைய கதை என்று தள்ள வேண்டாம். பெர்லின் அரசு பாலே குழுவில் 2018இல் சேர்ந்த கறுப்பின நடனமணி க்ளோயி லோபெஸ் கோமெஸ், 'ஸ்வான் லேக்' என்ற பாலேயில் ஆட வெள்ளைப் பூச்சு பூசச் சொன்னார்கள் என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இவர்கள் பெரியவர்கள், எதிர்த்துப் பேசினார்கள். பதினோரு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பாலே என்பது தினமும் மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நின்று தன் குறையைத் தானே தேடும் பயிற்சி. முழங்கால் மடங்குகிறது என்றால் நிமிர்த்திக்கொள்வாள். நிறம் சரியில்லை என்றால் எதைத் திருத்துவாள்? வகுப்பு நாளன்று வயிறு வலிக்கும். ஒருநாள் வராமலே நின்றுவிடுவாள். 'ஆர்வமில்லை' என்று ஆசிரியர்கள் பதிவேட்டில் எழுதுவார்கள்.

இது பாலேக்கு மட்டுமல்ல, நம் நாட்டிய மேடைக்கும் பொருந்தும். பெற்றோர்களே, பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு மேக்கப் போட வருகிறவரிடம் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பிள்ளையின் கை என்ன நிறமோ, அதே நிறம்தான் முகத்துக்கும்.