உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவில்லை

பாலாற்றங்கரை விவசாயிகளே, தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உழைத்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

‘நாகரிகங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்பெங்லர் என்ற அறிஞர் 1918-இல் இதைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று வெளியிட்டார். நாகரிகத்துக்கும் பருவங்கள் உண்டாம். தளிர்க்குமாம், முதிருமாம், ஒருநாள் உதிருமாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. யாருக்கு அழகு? குற்றவாளிக்கு! காலம் கொன்றது என்று தீர்ப்பெழுதிவிட்டால் கொன்றவன் வீட்டுக்குப் போய்விடலாம் அல்லவா?

இன்றைய ஈராக்கில் இருந்த பழைய சுமேரியாவைப் பாருங்கள். உலகத்துக்கு எழுத்தைக் கொடுத்த பூமி. வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினார்கள், வடிகாலை மறந்தார்கள். மண்ணில் உப்பு ஏறியது. முதலில் கோதுமை போனது. உப்பைக் கொஞ்சம் தாங்கும் வாற்கோதுமையை விதைத்தார்கள். பிறகு அதன் விளைச்சலும் சரிந்தது. 1958-இல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். படையெடுத்து வந்தவன் கதையை எல்லோரும் படித்தோம்; மண்ணில் ஏறிய உப்பின் கதையை யார் படித்தோம்?

நாம் படிக்கவே வேண்டாம், தோழர்களே. நம் கிணற்றை எட்டிப் பார்த்தால் போதும்!

நம் ஊர்த் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு லாரியில் வந்து இறங்கும் தோல், கெடாமல் இருக்க உப்புத் தடவி வருகிறது. உதறினால் கல் உப்பு கொட்டும். மிச்ச உப்பு ஊறப்போட்ட தண்ணீரில் கரையும். தோலைப் பதனிடும் குரோமையாவது கழிவுநீரிலிருந்து படிய வைத்து எடுக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. தண்ணீரை நுண்சவ்வில் வடிகட்டியும் காய்ச்சியும்தான் பிரிக்க வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்த இடத்திலெல்லாம் உப்பு நிலத்தடிக்கு இறங்கியது. தென்னையில் குரும்பை கொட்டியது, நெல் கருகியது. 35,000 ஹெக்டேர் நிலம் பாழ்பட்டதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு அது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவனெல்லாம் ‘வேலூர் வழக்கு’ என்று மனப்பாடம் செய்கிறான். வேலூர்க்காரன் என்ன கண்டான்? 2015 ஜனவரியில், அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூச்சடங்கிச் செத்தார்கள். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது: இழப்பீட்டை அரசு கொடுக்கட்டும், மாசு செய்தவரிடம் வசூலிக்கட்டும் என்று. இடையில் 28 ஆண்டுகள்! இதுவும் காலத்தின் விதியா?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். பாலாற்றங்கரையில் மட்டும் உப்பைத் தின்றவன் கேன் தண்ணீர் குடிக்கிறான். தின்னாதவன் உப்புத் தண்ணீர் குடிக்கிறான்!

‘அப்படியானால் தொழிலை மூடச் சொல்கிறாயா?’ என்று கேட்பார்கள். இல்லை! ஆம்பூரில் ஷூ தைக்கும் ஆயிரமாயிரம் பெண்களின் அடுப்பு இந்தத் தொழிலால்தான் எரிகிறது. தண்ணீர் செத்தால் தொழிலும் சாகும் என்றுதான் சொல்கிறேன்.

வீழ்ச்சி எப்படி வரும்? அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377-இலேயே எழுதினார்: ஒட்டுறவால் எழுந்த அரசு, சொகுசு கண்ட பேரன்கள் காலத்தில் அந்த ஒட்டுறவு அறுந்து விழும் என்று. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததில் தோல் வணிகர்களின் கொடை உண்டு. லாபத்தில் ஊருக்குப் பங்கு கொடுத்த பாட்டன்களின் பேரன்களே, இன்று நட்டத்தை மட்டும் ஊருக்குக் கொடுக்கலாமா?

லாபம் ஒருவன் வீட்டிலும் நட்டம் இன்னொருவன் கிணற்றிலும் சேரத் தொடங்கினால், அந்த நாகரிகத்தின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது. இதுதான் என் கோட்பாடு.

ஆகவே தோழர்களே, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் கிணற்றில் உப்பு எவ்வளவு? இழப்பீடு யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை? பதிலைத் தீர்மானத்தில் ஏற்றுங்கள், எழுத்தில் வாங்குங்கள். விவசாயியும் தொழிலாளியும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.