உடன்பிறந்தவளுக்காக ஒரு சட்டம்



வயிறு உப்பினால் நாம் என்ன சொல்கிறோம்? கேஸ்டிரிக். ஓமத்தண்ணீர் குடிக்கிறோம், கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறோம், மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறோம். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், ஜொஹானா சில்வர் கார்டன் என்ற பள்ளி ஆசிரியையும் வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தார். படித்தவர், உடம்பைக் கவனித்துக்கொண்டவர், தவறாமல் பேப் ஸ்மியர் எடுத்தவர். வந்திருந்தது சினைப்பைப் புற்றுநோய். தெரிந்தபோது முற்றிவிட்டது. 2000-ஆம் ஆண்டு இறந்துபோனார்.

பேப் ஸ்மியர் எடுத்தும் ஏன் தெரியவில்லை? இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். பேப் ஸ்மியர் கருப்பை வாயைத்தான் பார்க்கும். சினைப்பை அதற்குத் தெரியாது. உடம்பில் ஒரு குறியும் இல்லாத பெண்ணுக்குச் சினைப்பைப் புற்றைக் கண்டுபிடித்துச் சொல்லும் நம்பகமான பரிசோதனை இன்றுவரை கிடையாது. ஆகவே உடம்பு சொல்வதை நாம்தான் கேட்க வேண்டும். வயிறு உப்பல், இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். வழக்கத்துக்கு மாறாக இவை இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே போங்கள். ஆண்கள் சிரிக்க வேண்டாம், மோட்டாரில் கொண்டுபோய் விடப்போவது நீங்கள்தான்.

இதையெல்லாம் ஜொஹானாவுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அவருடன் பிறந்த ஷெரில் சில்வரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. சட்டமன்ற உறுப்பினர்களிடம் போய்ப் போய்க் கேட்டார். 2003-இல் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. 2005-இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். 2007 ஜனவரி 12-ஆம் தேதி அதிபர் புஷ் கையெழுத்திட்டார். ஜொஹானா சட்டம் என்று அதற்குப் பெயர். பெண்களின் இந்தப் புற்றுநோய்களைப் பற்றி நாடு முழுக்க எடுத்துச் சொல்வது அரசாங்கத்தின் கடமை என்றது. ஆங்கிலத்தோடு ஸ்பானிய மொழியிலும் துண்டறிக்கை, ரேடியோ, டிவி விளம்பரம் வந்தன.

அந்தச் சட்டம் யாருக்கும் மருந்து வாங்கித் தரவில்லை. அதற்கான பணத்தையும் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஓர் அதிகாரி மனம் வைத்தால் நடக்கும் என்று இருந்தது, கட்டாயம் நடக்க வேண்டும் என்று ஆனது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

நம் மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் பேப் ஸ்மியர் இருக்கிறது. 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் 2010-இல் பள்ளிகளில் தொடங்கியது. நல்ல காரியங்கள், பிள்ளையின் பாரத்தில் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். ஆனால் தோட்டத்தில் வளர்ந்த நம் அம்மாவுக்கு மலாய் படிக்க வராது என்றால், கிளினிக்கில் தமிழில் ஒரு தாள் கிடைக்கிறதா? அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

இன்னொன்று விடுமுறை. 1955 வேலைச் சட்டம் நோய் வந்தவருக்குச் சம்பளத்தோடு எம்.சி. தருகிறது. நோய் வருமுன் சோதனைக்குப் போகிறவளுக்கு அதில் இடமில்லை. நாள்கூலிக்காரி எப்படிப் போவாள்?

தமிழில் தகவல், சோதனைக்குச் சம்பளத்தோடு அரைநாள். இந்த இரண்டையும் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கொடுக்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்க வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துக் காட்டுங்கள்.